சண்முகப்பிரியாவின் மதிப்பெண்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

விடுதித் துணைக் காப்பாளர் வேலையும் முனைவர் பட்டமும் ஒரே ஆளுக்கு ஆகாது. காலையெல்லாம் தண்ணீர் மோட்டார் பஞ்சாயத்து, மதியம் என் ஆய்வு. கைபேசியைத் தங்களில் ஒரு பகுதியாக மாணவிகள் எந்த அளவுக்கு நினைக்கிறார்கள் என்று அளக்க வேண்டும். "நீங்க சொல்றது என்னைத் தாண்டிப் போகாது" என்று உறுதி சொல்லித்தான் வினாத்தாளைக் கொடுத்தேன்.

இரண்டாமாண்டு சண்முகப்பிரியாவுக்குத்தான் எல்லாரையும்விட அதிக மதிப்பெண். 'போன் இல்லாவிட்டால் என்னில் ஒரு பகுதி குறைந்ததுபோல் இருக்கும்' என்பதற்கு 'முழுக்க உண்மை' என்று குறித்திருந்தாள். "கையா, காலா?" என்று கிண்டல் செய்தேன். சிரித்து மழுப்பினாள். ஆய்வுக்கு நல்ல தரவு கிடைத்ததில் எனக்கோ ஒரே கொண்டாட்டம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெற்றோர் வரும் நாள். பிரியாவின் அப்பா தனபால் நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். "எம்புள்ள எப்படீங்க இருக்குது?" என்றார்.

"நல்லாப் படிக்கிறாளுங்க. போனைத்தான் கொஞ்சம் குறைக்கணும். என் ஆய்வுல அவதான் முதலிடம்."

வாயில் தானாக வந்துவிட்டது. நானும் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் வளர்ந்தவள்தானே. ஞாயிற்றுக்கிழமை பெற்றோரிடம் பிள்ளையைப் பற்றி ஒரு குறையாவது சொல்லி அனுப்பாவிட்டால், அங்கே காப்பாளர் வேலை பார்த்ததாகவே அர்த்தமில்லை.

தனபால் கிளம்பும்போது அவளுடைய போன் அவர் சட்டைப்பையில் இருந்தது.

ஆகஸ்ட் 12

நல்லதுக்குத்தானே சொன்னேன்?

ஆகஸ்ட் 16, வெள்ளி

பிரியாவின் அம்மா கூப்பிட்டார். "ஏனுங்க மேடம், அந்தப் பையன் யாருங்க?"

"பையனா? அப்படி யாருமே இல்லைங்க!"

"அப்பறம் எதுக்குங்க எந்நேரமும் போனு? அவங்கப்பா ஜாதகத்தக் கையில எடுத்துட்டாருங்க. இந்தப் பரிச்சையோட படிப்பு போதும்னுட்டாரு."

பாவி, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்!

ஆகஸ்ட் 17, சனி

பிரியாவை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள்: "எனக்கு போர்டு தெரியாதுங்க மேடம். போட்டோ எடுத்து, பெருசு பண்ணித்தான் படிக்கிறேன். கண்ணாடி போட்டாலும் சரியாவாதுன்னு காலேஜ் முகாம்ல டாக்டர் சொல்லீட்டாரு. ஊட்டுல தெரியாதுங்க. தெரிஞ்சா படிச்சது போதும்னு கூட்டீட்டுப் போயிருவாங்க."

கையா, காலா என்று கேட்டேனே. கண் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

"அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றேன்.

"வேண்டாமுங்க மேடம். நீங்க ஒன்னும் சொல்லீராதீங்க."

நான் பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 20

நெறியாளரிடம் நடந்ததைச் சொன்னேன். "அவ விடைத்தாளை மட்டும் எடுத்துடும்மா, ஆய்வு பாதிக்காது" என்றார். ஆய்வு பாதிக்காதாம்!

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தனபால் வந்தார். பிரியாவும் நின்றாள்.

"பையனெல்லாம் இல்லைங்க. அவ என்னை நம்பிச் சொன்னதை உங்ககிட்ட சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பு."

"அப்ப எதுக்குங்க அத்தன நேரம் போனு?"

பதில் நுனிநாக்கில் நின்றது. சொன்னால் அவர் சந்தேகம் அப்போதே தீர்ந்துவிடும். ஆனால் இதுவும் அவள் என்னிடம் நம்பிச் சொன்னதுதானே? "அதை அவதாங்க சொல்லணும்" என்றேன்.

தலையைக் குனிந்தபடி அவளே சொன்னாள். அவர் நம்பவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டி, "இதுல என்ன எழுதீருக்குது, படி சாமி" என்றார். அவள் கிட்டே போனாள். இன்னும் கிட்டே போனாள். மூக்கு சுவரில் இடிக்கப்போகிற நேரத்தில், "போதும் சாமி, வா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செப்டம்பர் 9, திங்கள்

கோயம்புத்தூரில் பெரிய கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு பிரியா திரும்பியிருக்கிறாள். படிப்பு தொடர்கிறது. கையில் பெரிய திரை வைத்த புதுப் போன், அப்பா வாங்கிக் கொடுத்தது. அப்பாடா என்று இருந்தது.

மாடிப்படியருகே நிறுத்திக் கேட்டேன். "டாக்டர் என்ன சொன்னாரு பிரியா?"

"நல்லா இருக்குதுங்க மேடம்."

"வகுப்புல முன் பெஞ்சுக்குச் சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க மேடம். எல்லாம் நல்லா இருக்குதுங்க." சிரித்தாள். மரியாதையாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள்.

அவளுடைய அறைத்தோழி நிலாவிடம் கேட்டால் தெரிந்துவிடும் என்று மாடி ஏறினேன். பாதிப் படியில் நின்று, இறங்கி வந்துவிட்டேன்.