மூன்றாவது நிமிடத்தில் அறுந்த வகுப்பு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

இன்று நாலு மணிக்கு ஓர் ஆன்லைன் பயிற்சி நிறுவனத்துக்கு மாதிரி வகுப்பு எடுத்தேன். தேறினால் மலைமேல் மஞ்சக்குட்டை வீட்டிலிருந்தே வேலை. அதற்காக அம்மா மிக்ஸியைத் தொடவில்லை. நாயைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கட்டினாள். எஸ்டேட்டிலிருந்து வந்த அப்பா, என் குரல் கேட்டதும் கதவைத் தட்டாமல் மழையிலேயே நின்றுவிட்டார்.

நாற்பது நிமிடம் பேசினேன். ஸ்லைடு திரை முழுவதையும் அடைத்திருந்ததால் கேட்பவர்கள் முகம் தெரியவில்லை. மூன்று முறை கேள்வி கேட்டுக் காத்திருந்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. கூச்சம் என்று நினைத்து, பதிலையும் நானே சொன்னேன். முடித்த பிறகு கைபேசியில் நிறுவனத்தின் மெயில் வந்தது. மூன்றாவது நிமிடமே நெட் அறுந்துவிட்டதாம். மறுவாய்ப்பு இல்லையாம்.

ஆன்லைனில் மாணவர் கவனிக்கிறாரா என்று எப்படிக் கண்டறிவது? கல்வித் தொழில்நுட்ப முதுகலையில் என் ஆய்வுத் தலைப்பே அதுதான். இரண்டு வருடம் படித்தேன்.

கதவைத் திறந்தேன். அப்பாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நொம்ப நல்லா சொல்லிக் குடுத்த கண்ணு. வெளிய நின்ன எனக்கே வெளங்குச்சு. இனித் தெனமும் இருக்குமா?"

"இருக்குங்கப்பா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இது இல்லையென்றால் வேலை தேடிச் சேலத்துக்கு இறங்க வேண்டும். அங்கே மட்டும் யார் காத்திருக்கிறார்கள்?

நாளைக்கும் நாயைக் கட்டப் பக்கத்து வீட்டில் அம்மா சொல்லி வைத்துவிட்டாள். நாலு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நான் யாருக்குப் பாடம் நடத்துவது?