முதல் வரிசையில் உன் நாற்காலி

அக்கா,

இன்று காலையில் மறுபடியும் அந்த வாடை. புளித்த மாவும் அழுகிய கிழங்கும் கலந்தாற்போல, ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லிலிருந்து ஓடைக்குத் திறந்துவிட்ட கழிவுத் தண்ணீர். காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே கீழே வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் இந்நேரம் எதிர்வீட்டுக் கதவு படீரென்று திறந்திருக்கும். "கண்ணு, தொறந்து உட்டுட்டானுங்க, வா போலாம்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு என் வாசலில் வந்து நின்றிருப்பாய். இன்று நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த வெறுங்காலுக்குக் காரணம் உன் எருமை. ஓடையோரக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாய். அது மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. "எருமைக்கு இருக்கற ரோசம் நமக்கு வேண்டாமா?" என்று என்னைக் கேட்டாய், என்னவோ நான்தான் மில்லை நடத்துகிற மாதிரி. நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய், கிணறு தெளிகிற வரைக்கும் காலில் செருப்புப் போடுவதில்லை என்று வேண்டிக்கொண்டாய். மனு, கிராம சபை எல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

சித்திரை வெயிலில் நாமக்கல்லுக்கு மனுக் கொடுக்கப் போகும்போதும் அதே வெறுங்கால்தான். தார் ரோட்டில் நீ குதித்துக் குதித்து நடப்பதைப் பார்க்க முடியாமல், "மாரியாத்தா ஒண்ணும் சொல்லமாட்டா, இன்னிக்கு ஒரு நாளைக்குப் போட்டுக்க" என்றேன். "மாரியாத்தா சொல்லமாட்டா. மில்லுக்காரன் சிரிப்பான்" என்றாய். உனக்கு வாயும் அதிகம், வைராக்கியமும் அதிகம்.

நம் ஊராட்சிச் செயலருக்கு உன்னைக் கண்டாலே ஆகாது. மில்லுக்காரன் காரில் அவன் ஏறி இறங்குவதை ஊரே கேட்கப் பேசியவள் நீ ஒருத்திதானே. நீ ஆபீசுக்குள் நுழைந்தாலே, "காலைக் கழுவிட்டு வாங்கம்மா, டைல்ஸ் பாழாகுது" என்று சத்தம் போடுவான். கிராம சபையில் உன்னை முன்னால் உட்கார விட்டதே இல்லை. "பின்னால போங்கம்மா, உங்க விசயம் கடைசில" என்பான். அந்தக் கடைசி வந்ததே கிடையாது. மைக்கைச் சுருட்டி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவான்.

அப்புறம் நீ மஞ்சள் காமாலையில் படுத்தாய். கல்லீரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். தண்ணீர் என்று நான் சொல்கிறேன், யார் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். பஸ் ஸ்டாப்பில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்தோம். கோயில் நோம்பியில் எடுத்த படம், வாய் கோணலாகச் சிரித்துக்கொண்டிருப்பாயே, அதுதான். செயலரும் வந்து அதன் முன்னால் கை கூப்பி நின்றான். பரவாயில்லை, இவனும் மனுசன்தான் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உன் கருமாதி முடிந்து வெகுநாள் கழித்து, மில்லைப் பெரிதாக்கப் போகிறார்கள், கிணற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கழிவுக் குழி தோண்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. உன் மனு என்ன ஆயிற்று என்று கேட்க யூனியன் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "போன மாசந்தான் சிறப்புக் கிராம சபை கூட்டி, ஆட்சேபணை இல்லைன்னு தீர்மானமே போட்டாச்சேம்மா. மனுக் கொடுத்தவங்களே கை தட்டறாங்க, பாருங்க" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

முதல் வரிசையில் நீ உட்கார்ந்திருந்தாய், அக்கா. அதே கோணல் சிரிப்பு. இரண்டு கையையும் சேர்த்துக் கை தட்டிக்கொண்டு, காலில் மெரூன் கலர் வார் வைத்த செருப்பு.

அப்படி ஒரு கூட்டமே நம் ஊரில் நடக்கவில்லை. உன் பின்னால் இருந்தவர்களில் நம் ஊர் முகம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பல் விளம்பரத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். சீர் அழைப்புக்கே ஏஐயில் படம் செய்கிற காலத்தில் எனக்கு இது தெரியாதா? பிளெக்ஸிலிருந்து உன் முகத்தை எடுத்துக் கொடுத்து ஒரு கூட்டத்தையே செய்யச் சொல்லியிருக்கிறான் அந்தச் செயலர். உன் மனுவை மூட உன் கையையே எடுத்துக்கொண்டான். செல்போனில் படத்தைப் பிடித்துக்கொண்டேன். ராசிபுரத்தில் இறங்கி, கடைவீதியில் அலைந்து, அதே மெரூன் வார் செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன்.

அடுத்த கிராம சபைக்கு, மேலேயிருந்து கூட்டத்தைக் கவனிக்க ஒரு பற்றாளர் அம்மா வந்திருந்தார். நான் எழுந்து போய்ச் செருப்பை அவர் மேசை மேலேயே வைத்தேன். படத்தைக் காட்டி, "இந்தம்மா செத்துப் பல மாசம் ஆச்சுங்க. எப்படிங்க வந்து கை தட்டினாங்க?" என்றேன். செயலர் அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"பழைய கூட்டத்துப் படம் மாறி ஏறியிருச்சுங்க மேடம்."

இதைத்தான் சொல்வான் என்று தெரியும். இதற்காகத்தானே செருப்பு.

"பழைய கூட்டமுங்களா? எங்கக்கா எந்தக் கூட்டத்துக்குச் செருப்புப் போட்டு வந்தாங்க சார்? காலைக் கழுவிட்டு வாங்க, டைல்ஸ் பாழாகுதுன்னு சத்தம் போட்டது நீங்கதானுங்களே?"

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிற்று. மில்லில் சம்பளம் வாங்குகிறவர்கள்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எத்தனை வருசம் உன் காலை அவன் திட்டியிருப்பான். ஆனால் ஒரு நாளாவது அந்தக் கால் ஏன் வெறுங்காலாக இருக்கிறது என்று அவன் யோசித்ததில்லை. எந்திரத்துக்கு அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பான்? கடைசியில், "ஏஐ பண்ணுன தப்புங்க மேடம், எனக்கே தெரியாதுங்க" என்றான்.

இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. முன்னெல்லாம் பொய்க் கூட்டம் காட்டக்கூட ஆள் வேண்டியிருந்தது. வேன் வைத்துக் கூட்டிவந்து, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து உட்கார வைப்பார்கள். அதில் ஒருத்தியாவது வெளியே போய் உளறுவாள் என்கிற பயம் இருந்தது. இப்போது நாமே வேண்டியதில்லை. பொய் சொல்லவும் எந்திரம், மாட்டிக்கொண்டால் பழி சுமக்கவும் அதே எந்திரம். நாளைக்கு என்னையும் கை தட்ட வைப்பான். உயிரோடு இருக்கிற நானே அது நானில்லை என்று சொன்னாலும், அந்தப் படத்தைக் காட்டி என்னைப் பொய்க்காரி என்பான்.

அந்தத் தீர்மானம் செல்லாது என்று பற்றாளர் அம்மா எழுதிவிட்டுப் போனார். புதுக் குழி தோண்டவில்லை. செயலருக்கு விசாரணை என்றார்கள், கொஞ்ச நாள் வராமல் இருந்தான், இப்போது அதே சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். பழைய குழாயில் வருகிற தண்ணீர்தான் இன்று காலையிலும் ஓடையில் ஓடியது. "புள்ளகுட்டிக்காரன், மன்னிச்சு உட்டுரு சாமி" என்று பெரியவர்கள் வந்து சொன்னார்கள். மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. அவனுக்குத் தண்டனை கொடுக்கச் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, நான் இருக்கிறேன்.

எந்திரம் உன்னை முதல் வரிசையில் உட்கார வைத்தது. அந்த ஒரு நல்ல காரியத்தை நான் மாற்றப் போவதில்லை. ஒவ்வொரு கிராம சபைக்கும் முன்னதாகவே போய், அவன் மைக் பிடிக்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி போட்டுவிடுகிறேன். அதில் யாரும் உட்காருவதில்லை, நம் தெருப் பெண்கள் உட்கார விடுவதுமில்லை. அதன் கீழே அந்தச் செருப்பு ஜோடியை வைக்கிறேன். தீர்மானம் வாசிக்க எழுந்தால் அவனுக்கு நாக்குக் குழறுகிறது. போன தடவை நாற்காலியை எடுக்கச் சொன்னான். "எங்கக்கா வர்ற நேரமுங்க" என்றேன்.

கூட்டம் முடிந்ததும் செருப்பைத் துடைத்து ஒயர் கூடையில் போட்டு எடுத்து வருகிறேன். வாங்கின அன்று கடைக்காரர் என்ன அளவு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உனக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தவர் யாரும் இல்லையே, அக்கா. உத்தேசமாகத்தான் எடுத்தேன். கிணறு தெளிகிற அன்றைக்கு அதை உன் படத்துக்கு முன்னால் வைக்கிறேன். அதுவரைக்கும் அது அவன் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும்.