சீதனமாய்ப் போன கல்லுப்பிட்டி

சம்பந்தியாருக்கு,

நீர் செத்து முப்பத்தோராம் நாள் போட்ட அந்தியேட்டிச் சோறு இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது. கூப்பன் அரிசி; அதற்கு நீர் பொறுப்பில்லை. கை கழுவி வந்து உட்கார்ந்ததும் உம்முடைய மனைவி உமது கொட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, "உங்களுக்குக் குடுக்கச் சொன்னவர்" என்று நீட்டினார். ஓலை கறுத்துப் புகையிலை மணந்தது. திறந்தால், காய்ந்த பாக்குகளுக்கு நடுவே ஒரு நத்தை. சுருள் சுருளாக, ஆனால் முழுக்கக் கல். என் கல்லுப்பிட்டியில் பிறந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தியேட்டி வீடாயிற்றே என்று இருமி மறைத்தேன்.

எங்கள் ஊரின் பெருமை உமக்குத் தெரியும். ஒரு சந்தை, ஒரு தபாற்கந்தோர், ஓயாமல் வழக்காடும் இரண்டு கோயில் கட்சிகள். அதைத் தாண்டினால் என் பிட்டி. புகையிலையும் வராது, கிணறும் வராது. அலவாங்குக் கம்பியால் கிண்டினால் ஊரியும் சிப்பியும் கல்லாய் உதிரும். நல்ல தோட்டத்தை வழக்காடித் தொலைத்த வீரன் நான். மூத்தவளுக்குச் சீதனம் கொடுக்க மிஞ்சியது அதுதான்.

நீர் மலாயாப் பென்சனும் குடையுமாகக் காணி பார்க்க வந்தீர். "என்ன காணும், பொம்பிளை கேட்டு வந்தால் சுடலையைக் காட்டுறீர்?" என்று ஒரு சிப்பியைச் செருப்பால் தட்டிவிட்டுப் போனீர். ஐந்தாம் வகுப்பில் என் சிலேட்டைப் பார்த்து எழுதியவருக்கு அவ்வளவு திமிர். நான் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினேன் என்பது வேறு கதை. முன்பு வந்த சம்பந்தங்களும் அந்தக் கல்லில் முட்டித்தான் திரும்பின. அன்று என் மகள் சாப்பிடவில்லை. இதுவும் போனால் அவள் கலியாணமில்லாமல் குமராகவே இருந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

பிறகுதான் கல்லு ஆராயும் ஒரு வெள்ளைக்காரத் துரை மோட்டாரில் வந்தார். வெயிலில் குந்தியிருந்து, சின்னச் சுத்தியலால் தட்டியெடுத்த நத்தைகளைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். மொழிபெயர்க்க வந்த வாத்தியார் எனக்குச் சொன்னார்: "முந்தி யாழ்ப்பாணம் முழுக்கக் கடலுக்கடியிலை கிடந்ததாம். மனிசனே பிறக்காத காலம். உது அப்பச் செத்த நத்தை."

ஊர் நம்புமா? செத்த நத்தையைப் பஞ்சில் சுற்றத் துரைக்குப் பைத்தியமா? காலையில் சந்தையில் வைரம் என்றார்கள். பின்னேரம் அது மண்ணெண்ணெய் ஆயிற்று. கோயில் கட்சிகள் இரண்டும் அந்த நிலம் ஆதியில் தங்களுடையது என்று கண்டுபிடித்தன. கடலடியில் வாயைப் பிளந்து கிடந்த சிப்பிகளுக்கும் எங்கள் சனத்துக்கும் ஒரே வித்தியாசம்தான்: சிப்பி கதைக்கவில்லை.

கிழமை முடியுமுன் நீர் வாழைப்பழச் சீப்போடு வந்து நின்றீர்.

"எனக்குக் காணி முக்கியமில்லை, காணும். பிள்ளைதான் முக்கியம். ஆனா அந்தப் பிட்டியை முழுசாச் சீதன உறுதியிலை எழுதிவிடும்."

"அதுக்குள்ளை ஒண்டும் இல்லை. செத்த நத்தை."

நீர் கண்ணைச் சுருக்கினீர். பெண்ணைப் பெற்றவன் தன் சீதனக் காணியைத் தானே பழிப்பதை யாழ்ப்பாணத்தில் யார் கேட்டிருக்கிறார்கள்? "உமக்கு அதை விட மனமில்லை, என்ன?" என்றீர்.

"ஐயோ, சுறாப் பல்லும் கிடக்கு. வேறை ஒண்டும் இல்லை."

"பல்லும் கிடக்கோ!" என்று நிமிர்ந்தீர். அன்றே உறுதி எழுத நொத்தாரிசிடம் போனோம். உண்மையைச் சொல்லி நான் இலாபம் கண்ட ஒரே வியாபாரம் அது.

கலியாணம் முடிந்தது. சீதன வீடு கொடுக்க எனக்கு வக்கில்லை. அவள் உம்முடைய வீட்டுக்கே வந்தாள், மாமியாரின் வாய்க்கு நேரே. நீர் ஆள் வைத்துப் பிட்டியைக் கிண்டினீர். ஒருநாள் ஓலைக் கடகம் நிறைய அள்ளிவந்து என் முற்றத்தில் கொட்டினீர்.

"உது என்ன காணும்?"

"நத்தை."

பிள்ளையைத் திருப்பி அனுப்பப் போகிறீர் என்றே நினைத்தேன். நீர் குனிந்து ஒரு நத்தையை எடுத்து மடியில் செருகிக்கொண்டு போனீர். அவளை அனுப்பவில்லை. கிண்டுவதையும் நிறுத்தவில்லை. அதைப் பேராசை என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

இன்று உம்முடைய மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவர் கடைசிமட்டும் சொன்னவர், அண்ணை. மருமகள் கொண்டுவந்த காணியிலைதான் எங்கடை அதிட்டம் கிடக்கு, அவளை ஒரு சொல்லுச் சொல்லாதை எண்டு."

அந்த வீட்டில் என் மகள் மகாராணியாய் இருந்தது அவளுடைய குணத்தால் என்றல்லவா நினைத்திருந்தேன்? அதுவும் என்னிடமிருந்து வந்த குணமாம்!

ஏமாந்ததை மறைக்கச் சொன்ன பொய்யா, அவளைக் காக்கச் சொன்ன பொய்யா? உம்மை அறிந்தவன் நான், முதலாவதைத்தான் நம்புவேன். உம்மை ஏளனம் செய்தே பழகிவிட்டேன், இந்த வயதில் வேறு பழக்கம் பிடிக்காது. ஆனாலும் புறப்படும்போது உம்முடைய மனைவி கேட்டார்: "உண்மையாய் அதுக்குள்ளை ஏதும் கிடக்கோ, அண்ணை?"

"கிடக்கு. வாய் திறவாதையுங்கோ" என்றேன்.

உடனே நம்பினார். உண்மையைச் சொன்னபோது உம்மை நம்பவைக்க என்னால் முடியவில்லை, பாரும்.

கொட்டைப்பெட்டி இப்போது என் மடியில். நாளை விடிய அலவாங்கோடு பிட்டிக்குப் போகவேண்டும். கிண்டுவது நின்றால் உம்முடைய மனைவியின் நம்பிக்கையும் நின்றுவிடும். உம்முடைய பொய்க்கு இனிக் கூலியாள் நான்தான்.