மரத்தில் எறும்பு

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்கக் கை போகிறது. உன் மகளுக்குப் பாத ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் போனில், அவளுக்கு வலியே தெரியவில்லை என்றேனே, அது பொய். அவ்வளவு தூரத்தில் வேலை பார்த்துக்கொண்டு தவிக்கிற உன் குரலைக் கேட்டதும் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

மயக்க மருந்து டாக்டரம்மா எல்லாவற்றையும் முன்பே விளக்கினார். தூங்க வைத்துவிட்டு முழங்காலுக்குப் பின்னால் ஓர் ஊசி போடுவார்களாம். வீட்டுக்கு வந்த பிறகும் பாதம் மரத்தே இருக்குமாம். நம் வாலு சும்மா இருப்பாளா? "அப்ப என் கால் மரமாயிடுமா?" என்றாள். ஆமாம், கிளியெல்லாம் வந்து உட்காரும் என்றேன். டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மரப்பு விடுவதற்கு முன்பே வலி மருந்தை ஆரம்பித்துவிடுங்கள், பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் கொடுங்கள், வலி ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம் என்றார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

சாயங்காலம் வரை வீட்டில் ஒரே கும்மாளம். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, மரத்துக்குத் தண்ணீர் ஊற்று என்று என்னை விரட்டினாள். மருந்து வேளை வந்தது. வலியே இல்லாத பிள்ளைக்கு மருந்து எதற்கு, வீணாக வயிறு கெடும் என்று நானே டாக்டராகிவிட்டேன். தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் வேறு குவிந்து கிடந்தன. அப்போதுதான், "சித்தி, மரத்துல எறும்பு ஊருது" என்றாள். ஊரட்டும், பழம் தின்ன வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தேன். காலில் மரப்பு விடும்போது அப்படித்தான் ஊரும் என்று எனக்குத் தெரியாதா? விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டேன், அக்கா.

கொஞ்ச நேரத்தில் அலற ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மருந்தை வாயில் ஊற்றினால் துப்பினாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். டாக்டரம்மா என்ன கொடுக்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். குறையாவிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மருந்து வேலை செய்யும்வரை என் கையைக் கடித்துக்கொண்டே கிடந்தாள்.

இப்போது வேளை தவறாமல் கொடுக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், விரல்களை அசைக்கிறாள். நேற்று தலை வாரிவிடும்போது மெதுவாகச் சொன்னாள்: "நான் அழுததை அம்மாகிட்ட சொல்ல மாட்டேன் சித்தி. உன்னைத் திட்டுவாங்க." எனக்குச் சீப்பு ஓடவில்லை.

என்னை நம்பி விட்டுவிட்டுப் போனாய். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, அக்கா. அவளிடம் மட்டும் வலித்ததா என்று கேட்காதே. எனக்காகப் பொய் சொல்லிவிடுவாள். சித்தியே எழுதிவிட்டாள் என்று நீயே சொல்லிவிடு. இனி எங்கே வலித்தாலும் அவள் வாய்விட்டு அழ வேண்டும்.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
தங்கை