ஃபேன் எடுத்த வண்டி

மாமா,

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இன்று ஒரு லோடு வண்டி பானெட்டைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது. ரேடியேட்டரிலிருந்து புஸ்ஸென்று ஆவி. துருவும் தண்ணீரும் சேர்ந்து வேகிற அந்த வாசனை மூக்கில் ஏறியதும் காய்கறிப் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். "ஓரமா போ ஆயா, மூடி பிச்சிக்கினு வரும்" என்று டிரைவர் கத்தினான். உங்களுக்குக் கொள்ளி வைத்த அன்றைக்குக்கூட வராத அழுகை, நடுத்தெருவில், எவனோ ஒருத்தனுடைய வண்டியைப் பார்த்து வந்தது. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அந்தச் சிவப்புக் காரை மெட்ராஸிலிருந்து நீங்கள் காவாந்தண்டலத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்த நாளில் நான் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். எழுபதுகளின் கடைசி. அக்கா முழுகாமல் இருந்தாள். எங்கள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் பிரசவம் உங்கள் வீட்டிலேயே என்று ஆனது. ஒத்தாசைக்கு நான் வந்திருந்தேன். மாட்டு வண்டியும் டிராக்டரும் போகிற தெருவில், இரண்டே கதவு வைத்து, தரையோடு தரையாகத் தாழ்ந்த ஒரு சீமைக் கார். சோழவரத்தில் ரேஸ் ஓட்டிச் சலித்துப்போன ஏதோ பணக்கார வீட்டுப் பிள்ளை விற்றது. கரும்பு நன்றாகக் கண்ட வருஷம் அது. உங்களைப் பிடிக்க ஆளில்லை.

வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பானெட்டைத் தூக்கிக் காட்டுவீர்கள். "அத்தினியும் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்கு!" இரண்டு கார்புரேட்டர். இஞ்சின் ஹெட்டைச் சீவிக் கம்ப்ரெஷன் ஏற்றியிருக்கிறது. சைலன்சர் கிடையாது, நேர் பைப்பு. ஊரே எழுந்து உட்காரும். எல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வீர்கள். "இதுல ஃபேனே கெடையாது, தெரியுமா? எடுத்துட்டாங்க. இஞ்சினு பலத்த அதான் துன்னுது. ஓடற வண்டிக்கு இஞ்சினு சூடு தணிய எதிர்க்காத்தே போதும்." இல்லாத சாமானையும் எக்ஸ்ட்ராவில் சேர்த்து எண்ணின மனுஷன் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான் மாமா.

அக்கா வாசற்படியில் நின்று கேட்டாள்: "ஓடும்போது காத்து வரும், செரி. நின்னா?"

"இது நிக்கற வண்டி இல்லடி" என்றீர்கள். அவள் சிரித்துவிட்டாள். நானும்தான் சிரித்தேன்.

அந்த எக்ஸ்ட்ராவெல்லாம் நமக்கு எதற்கு என்று பின்னால் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். நம் ரோட்டில் நெல்லு காயப்போட்டிருப்பார்கள், ஆடு படுத்திருக்கும். இரண்டாவது கியரைத் தாண்டுவதே அதிசயம். கார்புரேட்டர் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் வாரத்துக்கு ஒருமுறை மக்கர் பண்ணும். சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டால் லேசில் ஸ்டார்ட் ஆகாது; அதையும் "ரேஸ் இஞ்சினு அப்டித்தான் இருக்கும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வீர்கள். ஆனால் பொய் சொல்லக் கூடாது. ஒருநாள் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ராஜகுளம் பக்கம் நேர் ரோட்டில் விட்டீர்களே, அப்பா! முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இன்னும், இன்னும்" என்று கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் பொங்குகிற நேரத்திலெல்லாம் அந்தச் சத்தம் குறுக்கே வந்துவிடும்.

பொங்கல் முடிந்ததும் அவளுக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். காஞ்சிபுரத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் பண்ணணும், உடனே செங்கல்பட்டுக்குக் கொண்டுபோங்க என்றார். அக்காவைப் பின் சீட்டில் என் மடியில் கிடத்தினோம். என் புடவையெல்லாம் ரத்தம். வாலாஜாபாத் தாண்டியதும் விட்டீர்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் அந்த வண்டி வண்டியாக ஓடியது. "தோ வந்துட்டோம், தோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினீர்கள். பிழைத்துவிடுவாள் என்று நானும் நம்பினேன்.

பழையசீவரத்து எல்லையில் ரோடு முழுக்க ஜனம். பார்வேட்டைத் திருவிழாவுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து பெருமாள் வந்துகொண்டிருந்தார். நமக்கு முன்னால் பல்லக்கு, குடை, மேளம். பத்தடிக்கு ஒரு மண்டகப்படி, தேங்காய், கற்பூரம். வருஷா வருஷம் நாமே போய்க் கும்பிடுகிற சாமி. அவர் வருகிற நாளை அன்றைக்கு மூன்று பேருமே மறந்துபோயிருந்தோம். ஹாரனில் கை வைத்தீர்கள், பிறகு எடுத்துவிட்டீர்கள்.

"சாமிய முந்திக்கினு போறதா?" என்றீர்கள்.

என் மடியிலிருந்து அக்கா, "நிறுத்துங்க. கும்புட்டுக்கறேன். அவரு வழி வுடுவாரு" என்றாள். கையை எடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கையில் பலமே இல்லை.

இந்தத் தீபாராதனை முடியட்டும், அடுத்தது முடியட்டும் என்று நின்றோம். அணைத்தால் ஸ்டார்ட் ஆகாதே என்று இஞ்சினை ஓடவே விட்டு நின்றீர்கள். முதலில் அந்த வாசனைதான் வந்தது. அப்புறம் முன்பக்கம் முழுக்க ஆவி. அப்புறம் டடக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டீர்கள். நான்தான் முன் சீட்டுக்கு மேல் எட்டிக் கதவைத் திறந்து, "ஐயோ, எங்கக்கா சாவறா" என்று அலறினேன்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் இன்றுவரைக்கும் தாங்க முடியவில்லை. அலறல் கேட்டதும் ஜனம் அப்படியே இரண்டாகப் பிரிந்தது. பல்லக்குத் தூக்கினவர்கள் சாமியோடு ரோட்டை விட்டு ஓரத்தில் இறங்கினார்கள். ஒரு பெரியவர் உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கி, "இன்னாய்யா, முன்னமே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? சாமியா வேணான்னுது?" என்று அழுதார். வழி இருந்தது, வண்டி இல்லை. கரும்பு ஏற்றுகிற டிராக்டர் டிரெய்லரில் காய்ந்த கரும்புச் சோகை மேல் அவளைப் போட்டுக்கொண்டு போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முனகினாள். செங்கல்பட்டு நெருங்கும்போது முனகலும் நின்றுவிட்டது.

பிள்ளை மிஞ்சினான். அவள் மிஞ்சவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் நீங்கள் மெட்ராஸ் போய் ஒரு ஃபேன் வாங்கி வந்தீர்கள். இறுகிப்போய்ச் சுற்றாத இஞ்சினுக்கு மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஃபேன் மாட்டினீர்கள். பிறகு வண்டியை விலைக்குக் கேட்டு ஒருத்தன் வந்தான். "இன்னா எக்ஸ்ட்ராலாம் கீது?" என்றான். "ஃபேன் கீது" என்றீர்கள். அவன் கேலி என்று நினைத்துச் சிரித்தான். நீங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

பச்சைப் பிள்ளைக்கு அம்மா வேணும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி எனக்கும் உங்களுக்கும் முடிச்சுப் போட்டார்கள். என்னை யார் கேட்டார்கள்? கழற்றின இடத்தில் மாட்டுகிற சாமான் மாதிரி என்னை அக்கா இடத்தில் மாட்டினார்கள். நீங்கள் நல்லவர்தான். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் பொங்கல் வந்தால் போதும், பண்டிகைச் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பிப்பீர்கள்: "ஃபேன் இருந்திருந்தா பொழைச்சிருப்பாளா?" நானும் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: "எப்ப கொண்டாந்திருந்தாலும் இதே கதிதான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சாப்புடுங்க." கடைசியில் படுக்கையில் கிடந்து, பேச்சுக் குழறிப்போன பிறகும் அதையேதான் கேட்டீர்கள். நானும் அதையேதான் சொன்னேன். உங்கள் முகம் தெளிந்தது. மறுநாள் போய்விட்டீர்கள்.

டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை மாமா. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ரத்தத்துக்கு ஆள் தேடிக்கொண்டு நீங்கள் வெளியே ஓடியிருந்தீர்கள். பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே அந்தம்மா கேட்டார்: "கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா? காப்பாத்தியிருப்பேனே."

நமக்குள் சண்டை வந்தபோதெல்லாம் அது என் நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. உங்கள் மூஞ்சியில் தூக்கி எறிந்தால் என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிள்ளைக்கு அப்பன் வேணுமே என்று விழுங்குவேன். போகப் போக, நீங்கள் எனக்கும் வேணும் என்றுதான் விழுங்கினேன். உங்களுக்குத் தராததை உங்கள் பிள்ளைக்கா தரப்போகிறேன்? அது என்னிடமே இருக்கட்டும். நான் வேகிற அன்றைக்கு என்னோடு வேகட்டும்.