கோட்டையைக் காத்திரு

சேசு மரி சூசை துணை

சேலம், ஆகஸ்டு 1943

அன்பு மகள் தெரசம்மாளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் பூனாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே மழை இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, வெள்ளைக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. அப்பா இறந்த பிறகு, நீயும் பி.ஏ. முடித்துப் பெண்கள் பட்டாளத்து ஆபீசுக்குப் போய்விட்டதில், அந்தக் கோழியோடுதான் பேசுகிறேன், சிரிக்காதே.

போன ஞாயிறு நடந்ததை வேறு யாராவது கூட்டி எழுதுமுன் நானே சொல்லிவிடுகிறேன். பூசையில் கலியாண ஓலை வாசித்தபோது சாமியார் முதலில் வாசித்தது உன் பெயர். பள்ளிபாளையத்து நூல் வியாபாரி மகனுக்கும் உனக்கும் விவாகம், தடை இருந்தால் தெரிவிக்க வேண்டியது என்று. எனக்குக் காது அடைத்துவிட்டது. உன் பெரியப்பா மிக்கேல், பெண்ணுக்குச் சம்மதம், லீவு கிடைத்ததும் வந்துவிடுவாள் என்று சாமியாரிடம் சொல்லிப் பெயர் கொடுத்திருக்கிறார். முறைப்படி மூன்று ஞாயிறும் ஓலை வாசித்துவிட்டால் பிறகு ஊருக்கு அஞ்சி நீ மறுக்கமாட்டாய் என்று நினைத்தார் போலிருக்கிறது. தடை கேட்பது வழக்கம்தான், யாரும் எழுந்திருந்து நான் பார்த்ததில்லை. நான் எழுந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, என் மகளைக் கேக்கலீங்க சாமி என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். வெளியே வந்ததும் பெரியப்பா, ஏம்மா, பட்டாளத்துக்குப் போன புள்ளைக்கு மாப்பிள்ளை கெடைக்கறதே பெருசு, அதையும் கெடுத்துப் போட்டயே, இனி நீயாச்சு உம் மவளாச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பின்னால் போன உன் பெரியம்மா மட்டும் என் காதோடு, மாப்பிள்ளைக்கு மண்டைல முடியே இல்ல மேரி, அதைச் சொல்லியிருந்தாலும் தடைதான் என்றாள். அவளும் அதற்குப் பிறகு வரவில்லை. குழாயடியில் எல்லோரும் எனக்கு இடம் விடுகிறார்கள், பேச்சை நிறுத்திக்கொண்டு.

போன கடிதத்தில் நீ, கோட்டையைக் காத்திரு அம்மா என்று எழுதி, அது இங்கிலீஷ்காரர்கள் சாதாரணமாகச் சொல்வது, அமெரிக்காவில் ஒரு யுத்தத்தில் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தளபதி மலைமேலிருந்து கொடியசைத்துச் சொன்னதிலிருந்து வந்தது, கோட்டையை விடாதே, வருகிறேன் என்பதுதான் முழுச் செய்தி என்று விளக்கியிருந்தாய். அவர் வந்தாரா என்று எழுதவில்லை. உனக்குப் பள்ளியில் பாடம் சொன்ன சாரதாமணி டீச்சரிடம் கேட்டேன். புத்தகம் பார்த்துச் சொன்னார். தளபதி வந்து சேருமுன்பே சண்டை முடிந்துவிட்டதாம், உள்ளே இருந்தவர்களே காயப்பட்டுக்கொண்டு எதிரியைத் திருப்பி அனுப்பினார்களாம். கேட்டதிலிருந்து அவர்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன். கொடி தெரிந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

சாமியார் நல்லவர், ஓலையை நிறுத்தி வைத்திருக்கிறார். ஆனால் தாயார் சொல் போதாது, பெண் கைப்பட எழுத வேண்டும் என்கிறார். இஷ்டமில்லை என்றால் அப்படியே எழுது. ஒருவேளை இஷ்டம் இருந்தால் அதையும் எழுது கண்ணு, நான் பெரியப்பா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அம்மா தனியாக இருக்கிறாளே என்று மட்டும் சம்மதித்துவிடாதே.

மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஆபீசுக்குப் போகாதே. சாமியாருக்கு எழுதுவதைத் தாமதிக்க வேண்டாம். எனக்கு எழுதும்போது, லீவு கைக்கு வராமல் வருகிறேன் என்று எழுதாதே. எழுதினால், தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நிற்பேன்.

உன் அம்மா
இன்னாசிமேரி