இராஜகுமாரியின் இடது பாதம்

14 பெப்ரவரி 2006
அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்கைக் கட்டை அவிழ்த்தார்கள். சோறு பிசையலாம், பைல் தூக்கலாம். தலைக்கு மேல் பளு தூக்கக் கூடாது, இனி எப்போதுமே கூடாது என்றார் டாக்டர். பதினொரு வருடம் போட்டிகளில் தூக்கினேன். இனி நான் யார்? மாநகர சபைக் கிளார்க் பரிமளம். அவ்வளவுதானா?

15 பெப்ரவரி
எழுதப் பிடிக்கவில்லை.

3 மார்ச்
தியாகராஜா மாஸ்டர் நான் வேலை செய்யும் கந்தோருக்கே வந்துவிட்டார். என்னைப் பயிற்றுவித்தவர். நவம்பர் தேர்வுப் போட்டியில் என் முழங்கை மூட்டு விலகியபோது மேடைக்கு முதலில் ஓடி வந்தவரும் அவர்தான். கனடாவுக்கு, மகளிடம் போகிறாராம்.
"பயிற்சி மண்டபத்தை நீ பாரன் பிள்ளை."
"ஏலாது சேர்."
மற்றவர்கள் தூக்குவதை நான் நின்று பார்ப்பதா? ஆனாலும் மண்டபக் கதவின் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

9 மார்ச்
திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மண்டப வாசலில் இராஜகுமாரி. ஹேவாஹெட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். நான் விழுந்ததால் அணியில் என் இடம் கிடைத்தவள். வெளிநாடு போய் மூன்று முயற்சியிலும் தோற்றுத் திரும்பியவள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும்.
"அக்கா, எங்கிட்ட என்ன பிழைன்னு யாருக்கும் சொல்லத் தெரியல. ஒங்களுக்குத் தெரியும்."
"எனக்கெப்படித் தெரியும்?"
"ஆறு வருசமா என்னையத்தானே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."
சிரித்துவிட்டேன். தெரியும்தான். பளு தோளுக்கு வந்ததும் இடது பாதத்தை வெளியே திருப்புவாள். மேலே தள்ளும்போது இடது முழங்கை மடங்கும். உடனே நடுவர்களின் சிவப்பு விளக்கு, தூக்கியது செல்லாது. அது திருந்தவே கூடாதென்று சாமி கும்பிட்டவள் நான். சொல்லவா?
சொல்லிவிட்டேன்.

21 மார்ச்
மழை. தட்டுகள் இல்லாமல் வெறும் கம்பியோடு நூறு தடவை. "பாதம், பாதம்" என்று கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

6 மே
தொண்ணூறு கிலோ தூக்கினாள். என் உச்சம், இன்றுவரை தேசிய சாதனை, தொண்ணூற்றிரண்டு.
"இன்னும் மூணு போடவா அக்கா?"
வேண்டாம், களைத்திருக்கிறாய் என்றேன். அவளை பஸ் ஏற்றிவிட்டு வரும்போது யோசித்தேன் — களைத்தா இருந்தாள்? ஏன்டி பரிமளம், ஒனக்கு வெக்கமா இல்ல?

8 மே
அன்று அவள் களைத்திருக்கவில்லை என்ற உண்மையை அவளிடம் சொன்னேன். கையில் சோக் தூளைத் தேய்த்துக்கொண்டாள். "சரி. இப்ப போடுங்க" என்றாள். தொண்ணூற்று மூன்று போட்டேன். மேலே போகவில்லை, கீழே போட்டுவிட்டாள். ஆனால் பாதம் நேராக இருந்தது.

19 ஆகஸ்ட், கொழும்பு
தேசியப் போட்டி. எண்பத்தெட்டு சரி. தொண்ணூற்று மூன்று பிழையாகிவிட்டது. மூன்றாம் முயற்சிக்கும் அதே தொண்ணூற்று மூன்று. மேடைக்குப் போகுமுன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் பாதத்தைப் பார்த்துத் தலையாட்டினேன்.
மூன்று வெள்ளை விளக்குகள்.
பழைய சாதனை என்னுடையது என்று என் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தார்களாம். நான் கேட்கவில்லை. வியர்வை துடைக்கத் துவாயை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடிக்கொண்டிருந்தேன்.

4 செப்டம்பர்
மாலை, கலகெதரவிலிருந்து அனீஸா என்றொரு பெண் வந்தாள். வங்கியில் வேலையாம். பத்திரிகையில் இராஜகுமாரியின் படம் பார்த்தாளாம். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோச் எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.
"வந்தாச்சு" என்றேன். "கம்பியப் பிடிங்க, பாப்போம்."